தவணையும் வாக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று பேசுதற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள், கணினி மென்பொருள்களின் சோதனைத் தவணையும், அதனைக் கள்ளவழியாற் கடப்பதனால் விளையும் கேடுகளும் என்பதாகும். சங்க மேடைக்கு இஃது ஏற்ற பொருளோ எனப் பெரியோர் சிலர் ஐயுறலாம். வாலிபரோ, "இதிலே பேசுவதற்கு என்ன இருக்கின்றது? எல்லாரும் செய்வதுதானே!" எனத் தமக்குள்ளே நகைக்கலாம். எல்லாரும் செய்வது என்னும் அந்தச் சொல்லின் பொருட்டே இப்பொருளை எடுத்துக்கொண்டோம். ஒரு காரியத்தைப் பலரும் செய்கின்றனர் என்பதனால் அது நன்றாகிவிடுமா? அதனாலே வரும் ஆபத்துத்தான் குறைந்துவிடுமா? இவ்விரண்டையும் சற்று ஆராய்வோம்.

மென்பொருள் என்பது கணினிக்கு வேலை சொல்லிக் கொடுக்கும் கட்டளைத் தொகுதியாகும். கடிதம் எழுதவும், கணக்கு வைக்கவும், படம் திருத்தவும், பாட்டுப் பதிவு செய்யவும் வெவ்வேறு மென்பொருள்கள் உள்ளன. புடைவைக் கடையிலே துணியைத் தொட்டுப் பார்க்கலாம். சந்தையிலே மாம்பழத்தை முகர்ந்து பார்க்கலாம். மென்பொருளையோ பாவித்துப் பார்த்தாலன்றி அதன் தரத்தை அறிய முடியாது. ஆதலால் அதனை ஆக்கியோர் 7 நாள், 14 நாள், 30 நாள் என ஒரு தவணை குறித்து, அதற்குள்ளே இலவசமாகப் பாவித்துப் பார்க்க இடந்தருகின்றனர். பிடித்திருந்தால் விலை கொடுக்கலாம், பிடியாவிட்டால் நீக்கிவிடலாம். கொடுப்பவர் பொருளை முதலிலே தருகின்றார். பெறுபவர் தவணை முடிவிலே முறைப்படி நடப்பதாக வாக்குத் தருகின்றார். தொடக்கத்திலே திரையில் வரும் உடன்பாட்டை வாசியாமலே நாம் அழுத்திவிட்டாலும், அவ்வாறு அழுத்தியது நாம் கொடுத்த வாக்கேயாம்.

இவ்வழக்கம் எப்படித் தோன்றியது என்பதை அறிதல் நன்று. 1975ஆம் ஆண்டளவிலே அமெரிக்காவில் அல்ரெயர் என்னும் சிறு கணினி விற்பனைக்கு வந்தது. அதற்கு வேண்டிய பேசிக் மொழியை எழுதியவர்களுள் ஒருவர் அக்காலத்திலே இருபது வயதளவினரான பில் கேற்ஸ் ஆவர். அந்த மென்பொருளைக் கணினி ஆர்வலர் பலர் ஒருவருக்கொருவர் பிரதி செய்து கொடுத்தனர். விலை கொடுத்தோர் மிகச் சிலரே. 1976ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே அவர் ஆர்வலருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அல்ரெயர் கணினி வைத்திருப்போருள் நூற்றுக்குப் பத்துப் பேர்தானும் விலை கொடுக்கவில்லை என்றும், தாம் செலவிட்ட நேரத்துக்குக் கிடைத்த ஊதியம் மணித்தியாலத்துக்கு இரண்டு டொலருக்கும் குறைவு என்றும் அதிலே முறையிட்டார். அக்கடிதத்தின் தொனியை விரும்பாதோர் அன்றும் பலர் இருந்தனர். ஆயினும் அது கிளப்பிய கேள்வி இன்னும் ஓயவில்லை.

1982ஆம் ஆண்டளவிலே வேறிருவர் வேறொரு வழியைக் கண்டனர். அன்ட்ரூ ஃபுளூகல்மன் என்பவர் பீ.சி. ரோக் என்னும் தொடர்பாடல் மென்பொருளையும், ஐ.பி.எம். கம்பனியிலே உத்தியோகம் பார்த்த ஜிம் நொப் என்பவர் பீ.சி. ஃபைல் என்னும் தரவு மென்பொருளையும் ஆக்கினர். இருவரும் முதலிலே ஒருவரையொருவர் அறியார். எனினும் இருவரும் ஒரே முறையைக் கைக்கொண்டனர். மென்பொருளைத் தாராளமாகப் பிரதி செய்து நண்பருக்குக் கொடுக்க இடங்கொடுத்தனர்; பயன்படுவதாகத் தோன்றினால் ஒரு சிறு தொகை அனுப்புமாறு பாவிப்போரை வேண்டினர். ஒருவர் கேட்டது 25 டொலர். மற்றவர் கேட்டது 10 டொலர். பூட்டுமில்லை, காவலுமில்லை. நம்பிக்கை ஒன்றே முதலாக வைத்து நடத்திய வியாபாரம் அது. ஜிம் நொப் பின்னர் உத்தியோகத்தை விட்டு அவ்வருவாயைக் கொண்டே வாழக்கூடிய அளவுக்கு மக்கள் பணம் அனுப்பினர். நம்பிக்கைக்கு நம்பிக்கை செய்வோர் உலகிலே உண்டு என்பதற்கு இது சான்றாகும்.

ஆயினும் எல்லா ஆக்கியோருக்கும் அவ்வதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பாவிப்போர் பலராகவும் கொடுப்போர் சிலராகவும் இருந்தமையாற் பின்வந்தோர் பலர் தவணையும் பூட்டும் வைத்தனர். இன்றும் பூட்டாமல் நம்புவோர் சிலர் இருக்கின்றனர். கோப்புகளைச் சுருக்கும் வின்றார் என்னும் மென்பொருளின் சோதனைத் தவணை 40 நாள். நாற்பதாம் நாள் கழிந்த பின்னும் அது வேலை செய்துகொண்டேயிருக்கும். விலை கொடுக்குமாறு நினைவூட்டும், அவ்வளவே. இங்கே பூட்டை உடைக்க வேண்டியதில்லை. வாக்கை மறந்தாற் போதும். காவலில்லாத இடத்திலே ஒருவர் எப்படி நடக்கின்றாரோ, அதுவே அவருடைய உண்மையான ஒழுக்கம் அல்லவா?

இனி, தவணையைக் கள்ளமாகக் கடப்போர் செய்யும் உபாயங்களை நோக்குவோம். சிலர் கணினியின் திகதியைப் பின்னே தள்ளி வைப்பர். சிலர் புதிய புதிய மின்னஞ்சல் முகவரிகளை உண்டாக்கிப் புதியவர் போல மீண்டும் மீண்டும் தவணை கேட்பர். வேறு சிலர் "கிறாக்" என இளைஞர் வழங்கும் பூட்டுடைத்த பிரதியை இணையத்திலிருந்து இறக்குவர். முதலிரண்டும் சிறு பொய்கள் போலத் தோன்றும். ஆனால் திகதியைப் பொய்யாக்கிய கணினி எல்லாவற்றிலும் பொய் சொல்லத் தொடங்கிவிடும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. திகதி பிழையானால் நல்ல தளத்தையும் கணினி ஏற்க மறுக்கும். கடைக்கணக்கு வைத்திருப்பவராயின் இன்று எழுதிய பற்றுச்சீட்டிலே சென்ற ஆண்டின் திகதி விழும். ஒரு பொய்யைக் காக்க ஒன்பது பொய் வேண்டும் என்று நம் பாட்டிமார் சொல்வது இக்காலத்துக் கணினிக்கும் பொருந்துகின்றது.

மூன்றாவது உபாயமே மிகப் பெரிய ஆபத்தை உடையது. பூட்டை உடைத்துப் பிரதியை இலவசமாகத் தருபவர் யார்? முகந்தெரியாத ஒருவர். அவருக்கு நம்மீது அத்துணை அன்பு எங்கிருந்து வந்தது? நாம் அவருடைய பிரதியை நமது கணினியிலே பதிக்கும்பொழுது, அவர் எழுதிய எந்தக் கட்டளையையும் நமது கணினி நிறைவேற்றலாம் என்று நாமே அதிகாரம் கொடுக்கின்றோம். அது மாத்திரமா? "வைரஸ் காவலை நிறுத்திவிட்டுப் பதியுங்கள்" என்று அவர் குறிப்பெழுதியிருப்பார். நாமும் அப்படியே செய்வோம். திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, குரைக்கின்ற நாயையும் கட்டிவைப்பதற்கு இஃது ஒப்பாகும்.

உண்மையாக நடந்த ஒன்றைக் கூறுவோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்திலே சோபோஸ் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஐரோப்பாவிலே கோவிட் தொற்றுத் தொடர்பான ஆராய்ச்சியிலும் ஈடுபட்டிருந்த ஒரு உயிரியல் ஆய்வு நிலையத்தோடு பல மாணவர் இணைந்து வேலை செய்தனர். அவர்களுள் ஒருவர், தரவுகளைப் படமாக்கிக் காட்டும் மென்பொருள் ஒன்றைத் தமது சொந்தக் கணினியிலும் வைத்துக்கொள்ள விரும்பினார். அதன் அனுமதிப்பத்திரம் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான டொலர். ஆகவே பூட்டுடைத்த பிரதி ஒன்றைத் தேடி இறக்கினார். கணினியின் காவல் மென்பொருள் உடனே எச்சரித்தது. மாணவரோ அக்காவலை நிறுத்திவிட்டு மீண்டும் முயன்றார்.

இறங்கியது அவர் தேடிய மென்பொருளன்று; தகவல் திருடும் நிரல். அவர் தட்டும் எழுத்துகளையும் சேமித்திருந்த இரகசியங்களையும் அது களவாடியது. அவற்றுள் ஆய்வு நிலையத்தின் வலையமைப்புக்குரிய கடவுச்சொல்லும் இருந்தது. 13 நாள் கழித்து அந்நியர் அம்மாணவரின் பெயராலே நிலையத்தின் வலையமைப்பினுள் நுழைந்தனர். மேலும் 10 நாளில் ரியூக் என்னும் கப்பம் கோரும் நிரல் அங்கே ஏவப்பட்டது. காப்புப் பிரதிகள் அன்றன்று எடுக்கப்படாமையால் ஒரு கிழமை ஆராய்ச்சித் தரவுகள் அழிந்தன. கணினிகளையும் சேவையகங்களையும் அடியிலிருந்து மீளக் கட்ட வேண்டியதாயிற்று. கடவுச்சொல்லுக்கு மேலாக இரண்டாவது சரிபார்ப்பு ஒன்று வைக்காமை நிலையத்தின் குறையே. எனினும் வாயிலைக் காட்டிக் கொடுத்தது ஒரு பூட்டுடைத்த பிரதியன்றோ? அம்மாணவர் தீயவர் அல்லர், படிக்க விரும்பியவர். மிச்சம்பிடிக்க நினைத்தது அவர். செலவைக் கொடுத்தவர்களோ மற்றையோர்.

வீட்டுக் கணினிகளைத் தாக்கும் நிரல்களும் இவ்வழியாலேயே வருகின்றன. ஸ்ரொப் எனப்படும் கப்ப நிரல் 2018ஆம் ஆண்டளவிலிருந்து பூட்டுடைத்த பிரதிகளோடு கலந்து உலகெங்கும் பரவியது. அது வீட்டிலுள்ளோரின் படங்களையும் பத்திரங்களையும் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, 980 டொலர் கேட்டது. 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் 490 டொலர் போதும் எனச் சலுகையும் காட்டியது. மென்பொருட் பூட்டைக் கள்ளமாகத் திறக்கப் போனவர், தமது சொந்தப் பெட்டகத்துக்கே பூட்டு விழக் கண்டனர். 2009ஆம் ஆண்டு சனவரியிலே அப்பிள் கம்பனியின் ஐவேர்க் மென்பொருளின் கள்ளப் பிரதிகளிலும் இத்தகைய தீநிரல் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. இத்தனைக்கும் அதன் சோதனைப் பிரதியை அப்பிள் கம்பனியே இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது!

ஆபத்தைக் கூறினோம். இனி அறத்தைக் கூறுவோம். ஆபத்து இல்லையென்றால் செய்யலாமோ என ஒருவர் கேட்பாராயின், அதற்கும் விடை கூற வேண்டுமன்றோ? வாலிபர் பொதுவாகக் கூறும் நியாயங்கள் மூன்று.

முதலாவது, "கம்பனிகள் கோடீசுவரக் கம்பனிகள், நாம் ஒருவர் கொடாததால் அவை குறைந்துபோமா?" என்பது. சில கம்பனிகள் அத்தகையனவே. ஆனால் மென்பொருள் ஆக்குவோர் எல்லாரும் அத்தகையோர் அல்லர். ஒருவர் இருவராய் வீட்டிலிருந்து ஆக்குவோர் இன்றும் பலர். திருடப்படுபவர் செல்வரா வறியரா என்று பார்த்துத்தானா கள்ளாமையை அறம் என்றனர் நம் முன்னோர்? அன்றியும், இச்சபையிலேயே நாளை மென்பொருள் எழுதிப் பிழைக்கப்போகும் பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்கள் ஓராண்டு இரவும் பகலும் உழைத்து ஆக்கிய ஒன்றை ஊரார் பூட்டுடைத்துப் பாவித்தால், அன்று நாம் என்ன நியாயம் சொல்வோம்?

இரண்டாவது, "பிரதி எடுத்தால் மூலம் குறையாதே, இதில் நட்டம் யாருக்கு?" என்பது. கள்ளப் பிரதி ஒவ்வொன்றும் ஒரு விற்பனையின் இழப்பு எனக் கம்பனிகள் கணக்குக் காட்டுவது மிகையே. விலை கொடுக்க முடியாதவர் எவ்வாறாயினும் வாங்கியிரார். அதனை ஒப்புக்கொள்வோம். ஆயின் நட்டம் வேறு வழியாலும் வரும். கொடுக்கக் கூடியவரும் கொடாது விடுவதனால் ஆக்கியோர் பூட்டை மேலும் இறுக்குகின்றனர். நேர்மையாக விலை கொடுத்தவரும் இணையத் தொடர்பு இல்லாத இடத்திலே தமது மென்பொருளைத் திறக்க முடியாது தவிக்கின்றனர். தவணையும் 30 நாளிலிருந்து 7 நாளாகச் சுருங்குகின்றது. ஒருவர் வாக்குத் தவறினால் அடுத்தவரை நம்புவாரும் இல்லாது போகின்றனர்.

மூன்றாவது நியாயம், "எமக்கு வசதியில்லை" என்பது. இதனை நாம் இலேசாகத் தள்ளமாட்டோம். 2022ஆம் ஆண்டிலே சில மாதங்களுக்குள் ஒரு டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரைக்கும் ஏறியதை நாம் அனைவரும் அனுபவித்தோம். மாதம் 20 டொலர் விலையுள்ள ஒரு மென்பொருள் 4,000 ரூபாவாக இருந்து 7,200 ரூபாவாயிற்று. பிற நாட்டிலே ஒரு வேளை உணவின் விலையாக இருப்பது இங்கே ஒரு குடும்பத்தின் ஒரு கிழமைச் செலவாகலாம். உலகம் முழுவதற்கும் ஒரே விலை வைப்போர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். தவணை தருவதாகச் சொல்லி வங்கி அட்டை இலக்கத்தை வாங்கிக்கொண்டு, முடிவிலே சொல்லாமற் கொள்ளாமற் பணம் கழிப்போரும், நீக்கும் வழியை மறைத்து வைப்போரும் உண்டு. அவர்கள் செய்வதும் வாக்கு மோசமே. ஆகையால் பெரியோர் அட்டை இலக்கம் கொடுக்குமுன் முடிவுத் திகதியை நாட்காட்டியிலே குறித்துவைத்தல் நலம். எனினும் ஒருவர் செய்யும் மோசம் மற்றவர் மோசத்துக்கு அனுமதிப்பத்திரம் ஆகாது. வசதியில்லாமை உண்மையானால், நேர்வழியிலே நமக்கு என்ன உண்டு என்று தேடுவதே ஆண்மை.

சட்டத்தையும் ஒரு சொல்லிலே கூறிவிடுவோம். எமது நாட்டிலே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் நூல்களைப் போலவே பாதுகாக்கின்றது. வேண்டுமென்றே அவ்வுரிமையை மீறுவோருக்கு நீதவான் மன்றிலே 500,000 ரூபா வரையான தண்டமோ, ஆறு மாதம் வரையான மறியலோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பூட்டுடைத்த பிரதியை வைத்துத் தொழில் நடத்தும் படப்பிடிப்பு நிலையத்தாரும், அச்சகத்தாரும், கணினி வகுப்பு நடத்துவோரும் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஆயினும் பொலிசுக்கு அஞ்சித்தான் நாம் ஒழுக வேண்டும் என்பதன்று எமது கருத்து.

அப்படியாயின் நேர்வழிகள் யாவை? முதலாவது வழி, கேட்பது. "தவணை போதவில்லை, நான் மாணவன், இன்னும் இரு கிழமை தருவீர்களா?" என்று ஆக்கியோருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதலாம். சிறு நிறுவனத்தார் பலர் மனமிரங்குவர். மறுத்தாலும் கேட்டதனால் மானம் போவதில்லை. இரண்டாவது வழி, மாணவருக்கெனக் குறைந்த விலையிலோ இலவசமாகவோ தரப்படும் பிரதிகள். அவை இருக்கின்றனவா என்று தேடிப் பாராமலே பூட்டுடைக்கப் போவோர் பலர். மூன்றாவது வழியே மிகச் சிறந்தது. அது கட்டற்ற மென்பொருள்.

கட்டற்ற மென்பொருள் என்பது, யாரும் பாவிக்கலாம், பிரதி செய்யலாம், திருத்தலாம் என ஆக்கியோரே மனமுவந்து உரிமை கொடுத்தது. அதற்குத் தவணையுமில்லை, பூட்டுமில்லை. கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஒபிஸ், படம் திருத்த கிம்ப், சித்திரம் வரைய இங்க்ஸ்கேப், ஒலி திருத்த ஓடாசிற்றி என ஒவ்வொரு தேவைக்கும் ஒன்று உண்டு. முப்பரிமாணச் சித்திரம் ஆக்கும் பிளெண்டர் என்பதன் கதை கேட்கத் தக்கது. அதனை வைத்திருந்த கம்பனி 2002ஆம் ஆண்டிலே மூடப்பட்டது. ஒரு இலட்சம் யூரோ கொடுத்தால் அதனை உலகத்துக்கு விட்டுவிடுவதாக உரிமையாளர் இசைந்தனர். அதனை முதலில் ஆக்கிய ரொன் ரூசென்டால் பொதுமக்களிடம் வேண்டினார். ஏழு கிழமையிலே அத்தொகை சேர்ந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரிலே பிளெண்டர் கட்டற்றதாயிற்று. லத்வியா நாட்டவர் ஒருவர் அதனைக் கொண்டு இயக்கிய "ஃபுளோ" என்னும் சித்திரப் படம் 2025ஆம் ஆண்டிலே ஒஸ்கார் விருது பெற்றது. பூட்டை உடைத்தன்று, பலர் கைகொடுத்துப் பூட்டைத் திறந்தே இது நிகழ்ந்தது என்பதை வாலிபர் நினைவிற் கொள்வார்களாக.

எமது நாட்டுக்கும் இதிலே பெருமை உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கரைகளை அழித்தபொழுது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்தற்கு இலங்கையின் கணினி வல்லுநர் தொண்டர்களாகக் கூடி சஹானா என்னும் மென்பொருளைச் சில நாள்களிலே ஆக்கினர். அதனைக் கட்டற்ற மென்பொருளாக உலகுக்கும் கொடுத்தனர். பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகநல விருதைக் கட்டற்ற மென்பொருள் நிறுவகம் அதற்கு வழங்கியது. வாங்கியுண்ணும் நாடு மாத்திரமன்றி, ஆக்கிக் கொடுக்கும் நாடாகவும் எமது நாடு இருக்கக் கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆதலால் வாலிப அன்பர்களே! சங்கத்துக் கணினியிலும் உங்கள் வீட்டுக் கணினியிலும் உள்ளவற்றை ஒரு நாள் இருந்து கணக்கெடுங்கள். தவணை முடிந்தவற்றை விலை கொடுத்து வைத்திருங்கள்; அன்றேல் நீக்கிவிட்டு அதனிடத்திலே கட்டற்ற மென்பொருளைப் பதியுங்கள். பூட்டுடைத்த பிரதி இருந்த கணினியிலே பாவித்த கடவுச்சொற்களை, வேறொரு நல்ல கணினியிலிருந்து மாற்றுங்கள். முக்கியமானவற்றுக்கு வேறிடத்திலே காப்புப் பிரதி எடுத்து வையுங்கள். அறிந்தவர் அறியாதவருக்கு மாதத்தில் ஒரு மாலை இவற்றைக் கற்பிப்பாராயின் அதுவே சங்கத்துக்கு நல்ல தொண்டாகும்.

பெரியோர்களே! "மகன் எங்கிருந்தோ சும்மா எடுத்துப் போட்டுத் தந்தான், கெட்டிக்காரன்" என்று மெச்சுமுன், எங்கிருந்து எடுத்தான் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடிந்து கேட்க வேண்டியதில்லை. தேவையறிந்து, முடிந்தால் விலை கொடுத்து உதவுங்கள். முடியாவிட்டால் நேர்வழியை அவனோடு சேர்ந்து தேடுங்கள். வசதியில்லாத வீட்டிலும் வாக்குத் தவறாமை வாழ முடியும் என்பதைப் பிள்ளைகள் நம்மைப் பார்த்தே கற்கின்றனர்.

தவணை என்பது நாள்களின் எண்ணிக்கை மாத்திரமன்று. ஒருவர் நம்மீது வைத்த நம்பிக்கையின் அளவுமாகும். அதனைக் காத்து நடப்போமாக.